நாறுவது எது? நாறடிப்பது யார்?

மலர் நாறுகிறது!

இப்படி எழுதினால் இன்றைய தமிழன் முகஞ்சுளிப்பான். "மலர் எப்படி ஐயா நாறும்? மலர் மணக்கும். சாக்கடை அல்லவா நாறும்!" என்று திருத்துவான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடத் திருத்தும். ஆனால் வள்ளுவரைத் திருத்துவார் யார்? கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துரைக்க மாட்டாதவர்க்கு உவமை தேடிய அவர், கொத்துக் கொத்தாகப் பூத்தும் 'நாறாத' மலரைக் காட்டினார். 650ஆம் குறள் அது. காதலியின் புன்னகைக்குள் ஒளிந்து கிடக்கும் குறிப்பைச் சொல்லவந்த இடத்தில், அரும்புக்குள் அடங்கிக் கிடக்கும் 'நாற்றம்' அவர் நினைவுக்கு வந்தது. அது 1274ஆம் குறள். ஐம்புலன்களை வரிசைப்படுத்திய இடத்திலும் மூக்கின் நுகர்ச்சிக்கு அவர் வைத்த பெயர் நாற்றமே.

ஆண்டாளோ ஒருபடி மேலே சென்றார். கண்ணனின் வாயிதழ் கருப்பூரம் போல் நாறுமா, தாமரைப்பூப் போல் நாறுமா என்று வெண்சங்கைக் கேட்கிறார் நாச்சியார் திருமொழியில். பக்தர்கள் உருகுகிறார்கள். உருகட்டும்! அதே சொல்லை இன்றொரு மணமகள் தன் மணமகனின் வாயைக் குறித்துச் சொல்லிப் பார்க்கட்டும். பந்தலைப் பிரிக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

சொல் ஒன்றுதான். எழுத்து மாறவில்லை, ஒலி மாறவில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுகளில் அது ஏறியிருந்த மேடையிலிருந்து இறங்கிச் சாக்கடையில் விழுந்துவிட்டது. மலையாளத்தில் நாற்றம் என்றாலும் கெட்ட வாடைதான். கன்னடத்து நாறுதலும் அப்படியே. குடும்பம் முழுவதுமே வீழ்ந்துவிட்டது.

நாறு என்னும் வினைக்கு வேறொரு பொருளும் இருந்தது. முளைத்தல், தோன்றுதல். நாற்றங்காலில் நாம் பாவும் நாற்று அந்த வினையின் பிள்ளை. மண்ணைக் கீறிக்கொண்டு மேலெழும் பச்சைக் குருத்துக்கும், மடல் அவிழ்ந்து மேலெழும் மணத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தான் பழந்தமிழன். எழுவது, வெளிப்படுவது, தன் இருப்பை அறிவிப்பது. இதில் இழிவென்ன இருக்கிறது?

இவ்வளவும் தமிழுக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று எண்ணிவிட வேண்டாம். கல்லூரியில் ஆங்கிலப் பாடத்துக்காக அகரமுதலியைப் புரட்டியபோது ஒரு சொல்லில் நான் நின்றேன். 'ஸ்டிங்க்' என்பது அது. இன்று ஆங்கிலேயன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லும் சொல். ஆனால் பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டின்கன்' என்ற அதன் மூல வடிவம் எந்த மணத்தை வெளிவிடுவதற்கும் பொது. மலர் 'இனிமையாக ஸ்டின்க்' செய்யலாம். எவரும் நகைக்க மாட்டார்கள். தூசியும் ஆவியும் மேலெழுவதையும் அதே வினை குறித்தது என்கிறார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள். நம் நாறு நடந்த வழியிலேயே நடந்திருக்கிறது பாருங்கள்! உடனே, "ஆ, ஆங்கிலமும் தமிழிலிருந்தே பிறந்தது!" என்று மேடையில் முழங்கிவிடாதீர்கள், தோழர்களே. ஒற்றுமை உறவாகாது. இரண்டும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு காலத்தில், மனித மூக்கும் மனித நாக்கும் செய்த ஒரே வேலை, அவ்வளவுதான்.

13ஆம் நூற்றாண்டளவில் ஸ்டிங்க் என்பதன் தீய பொருளே மேலோங்கிவிட்டது. ஏன்? 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரண்மனை மொழி பிரெஞ்சாயிற்று. பின்னாளில் 'ஓடர்', 'சென்ட்', 'பெர்ஃபியூம்' என்று பிரெஞ்சுவழி வந்த சொற்கள் வரவேற்பறையில் நாற்காலி போட்டு அமர்ந்தன. உழுது உண்ட மக்களின் சொல் தொழுவத்துக்குப் போயிற்று. நமக்கு இந்தக் கதை புதிதா? வாசனை வந்தது, சுகந்தம் வந்தது, பரிமளம் வந்தது. வடமொழிச் சொற்கள் சந்தனம் பூசி உள்ளே நுழைய, தமிழனின் நாற்றம் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் 'துர்' என்றொரு வடமொழி ஒட்டையும் அதன் தலையில் கட்டித் 'துர்நாற்றம்' ஆக்கினார்கள். அந்த ஒட்டே சாட்சி சொல்கிறது! நாற்றம் தன்னளவில் கெட்டதாக இருந்திருந்தால் 'துர்' எதற்கு?

கேட்க இனிக்கும் விளக்கம்தான் இது. நம் மேடைக்கு ஏற்றதும்கூட. ஆனால் இனிப்பதெல்லாம் உண்மையாகிவிடாது. நமக்குப் பிடித்த முடிவையும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதுதானே பகுத்தறிவு? ஜெர்மன் மொழியிலும் 'ஸ்டிங்கன்' உண்டு. அதுவும் பழங்காலத்தில் பொதுப்பொருளில் வழங்கி, பின்னர் கெட்டுப்போனதே. ஜெர்மனியை எந்த நார்மானியன் வென்றான்? இங்கே தமிழிலும் மணம் தமிழ்ச்சொல், கமழ்தல் தமிழ்ச்சொல், நறுமை தமிழ்ச்சொல். மூன்றும் இன்றளவும் தலைநிமிர்ந்தே நிற்கின்றன. வந்தேறிச் சொல் மட்டுமே வீழ்ச்சிக்குக் காரணமானால் இவை எப்படித் தப்பின? ஆக, அந்த விளக்கம் பாதி உண்மை. மீதிப் பாதி நம் வாயில் இருக்கிறது.

நல்ல மணத்தைச் சொல்லும்போது நாம் அடைமொழி சேர்க்கிறோம். மல்லிகை மணம், மண்வாசனை என்று பெயரிட்டுச் சொல்கிறோம். கெட்டதைச் சொல்லும்போது நாகரிகம் கருதி மழுப்புகிறோம். "என்னவோ ஒரு மாதிரி வருகிறதே" என்கிறோம். பொதுச்சொல்லைப் போர்வையாகப் போட்டுக் கெட்டதை மூடுகிறோம். மூடிய போர்வையும் நாளடைவில் அழுக்காகிவிடுகிறது. வாடையைப் பாருங்கள். சங்கத் தமிழில் அது வடக்கிருந்து வரும் குளிர்காற்று. பிரிந்தவரை வாட்டும் கூதிர்க்காற்று. இன்றோ, "என்னப்பா வாடை அடிக்குது?" என்கிறோம். ஆங்கிலேயனின் 'ஸ்மெல்' என்ற சொல்லும் இதே படியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அடைமொழியின்றி ஒரு பொருள் 'ஸ்மெல்' அடிக்கிறதென்றால் அது கெட்டதென்றே பொருள். நம் ஊர்ப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இதுவரை சொன்னது சொல்லின் வரலாறு. வரலாறு மட்டுமானால் இந்த ஏட்டின் பக்கங்களை நான் வீணாக்கியிருக்க மாட்டேன். கெட்டுப்போன சொல் பொருளோடு நின்றுவிடுவதில்லை. மனிதனைத் தேடிப் போகிறது. அங்கேதான் அறவினா எழுகிறது.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் (1903இல் நம் நாட்டு மோதிஹாரியில் பிறந்தவர்) 1937இல் வெளியிட்ட 'தி ரோட் டு விகன் பியர்' என்ற நூலில் சுரங்கத் தொழிலாளரின் வாழ்க்கையை எழுதினார். அதில் ஓரிடத்தில் தம் வர்க்கத்தின் வயிற்றைக் கிழித்துக் காட்டுகிறார். உழைக்கும் மக்கள் நாறுகிறவர்கள் என்று நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே கற்பிக்கப்பட்டது. மேலைநாட்டு வர்க்க வேற்றுமையின் உண்மையான மறைபொருள் அதுவே என்கிறார். கொள்கையை வாதத்தால் மாற்றலாம். வெறுப்பையும் ஓரளவு மாற்றலாம். உடல் அருவருத்து ஒதுங்குவதை எப்படி மாற்றுவது என்பது அவர் கவலை.

நம் நாட்டிலோ இந்தப் பாடத்தைப் புராணமே நடத்துகிறது. மகாபாரதத்தில் ஒரு மீனவப் பெண். யமுனையில் ஓடம் தள்ளுகிறாள். அவள் பெயரே மச்சகந்தி, மீன் நாற்றத்தாள்! பராசர முனிவர் ஓடத்தில் ஏறுகிறார். அவள்மேல் ஆசை கொள்கிறார். ஆசைக்கு விலையாக ஒரு வரம் தருகிறார்: மீன்வாடை போய், ஒரு யோசனை தூரம் வீசும் நறுமணம் வந்தது. அந்த மணத்தைப் பின்தொடர்ந்துதான் பிற்பாடு சந்தனு மன்னன் வருகிறான், அவள் அரசியாகிறாள். கதையைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வோரே, ஒரே ஒரு கேள்வி. அவள் உடலில் என்ன குற்றம் இருந்தது? மீன் பிடித்து ஊருக்கு உணவளித்த உழைப்பின் வாடை அது. அந்த வாடையை ஒரு முனிவன் போக்கித் தந்தாலொழிய அரண்மனை வாசல் அவளுக்குத் திறக்காதாம்! முனிவன் செய்த காரியம் நாறவில்லை. அவள் கை நாறியதாம்!

இதற்கு எதிரே நம் நற்றிணையின் 45ஆம் பாட்டை வைத்துப் பாருங்கள். கடற்கரைச் சிற்றூர். சுறாமீனை அறுத்துக் காயவைத்து, பறவைகள் கொத்தாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் பரதவர் குலப் பெண். தேரேறி வருகிறான் பெருநகரத்துச் செல்வன் மகன். தோழி அவனைத் தடுத்து நிறுத்துகிறாள். உன் நிலை வேறு, எங்கள் நிலை வேறு. நாங்கள் புலால் நாறுகிறவர்கள், எட்டி நில் என்கிறாள். எங்கள் சிறிய நல்வாழ்வு உன் வாழ்வுக்கு ஒப்பாகாது. ஆனால் எங்களுக்குள்ளும் சிறந்தவர்கள் இருக்கிறார்கள் என்று முடிக்கிறாள். என்ன மிடுக்கு! நாறு என்ற சொல்லையே அவள் பயன்படுத்துகிறாள். ஆனால் சொல் அவள் கையில் இருக்கிறது. தேரில் வந்தவன் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளே சொல்கிறாள், சொல்லிவிட்டு எட்டி நில் என்கிறாள். எந்த முனிவனின் வரமும் அவளுக்குத் தேவைப்படவில்லை. வடநாட்டுக் கதையில் பெண்ணின் வாடையைத் துடைக்கிறார்கள். தென்னாட்டுப் பாட்டில் அந்த வாடையே வேலியாகிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நான் பாடம் நடத்துவது மாத்தூர்ப் பக்கத்தில். கிழக்கே மணலி, அதற்கும் கிழக்கே திருவொற்றியூர், எண்ணூர், கடல். 1969இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது; அடுத்து உர ஆலை; அவற்றைச் சுற்றி இரசாயன ஆலைகள். கடற்காற்று வீசும் மாலைகளில் வகுப்பறைச் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாடம் தொடரும். அழுகிய முட்டை போல் ஒருநாள். மூத்திரக் காரம் போல் மறுநாள். வெளியூரிலிருந்து வரும் உறவினர் வண்டியை விட்டு இறங்கும்போதே மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்குத் தெரிவதே இல்லை. மூக்கின் இயல்பு அது. இடைவிடாது வந்துகொண்டிருப்பதைச் சற்று நேரத்தில் அது மறந்துவிடும்.

ஒருநாள் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "சார், இவன் பக்கத்துல உட்கார மாட்டேன், நாறுறான்" என்றான். குற்றஞ்சாட்டப்பட்டவன் தலை குனிந்திருந்தான். அவன் தாயார் விடியற்காலை காசிமேட்டில் மீன் எடுத்துவந்து தெருத்தெருவாக விற்பவர்; கூடையை இறக்கி வைக்க உதவிவிட்டுப் பள்ளிக்கு ஓடிவருவான் அவன். வகுப்பே சிரித்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போதும் சன்னல் வழியே ஆலைக்காற்று வந்துகொண்டிருந்தது. நாற்பது மூக்குகளுக்கு அது தெரியவில்லை. ஒருவன் கையில் ஒட்டிய மீன்வாடை மட்டும் தெரிந்தது!

அன்று நான் அறிவுரை சொல்லவில்லை. அறிவுரையைப் பிள்ளைகள் வலக்காதில் வாங்கி இடக்காதில் விட்டுவிடுவார்கள். இலக்கண வகுப்பு நடந்துகொண்டிருந்தது; இலக்கணத்தையே நடத்தினேன். தன்வினை, பிறவினை. மாறு என்பதற்குப் பிறவினை என்ன? மாற்று. ஏறு? ஏற்று. தேறு? தேற்று. நாறு? "நாற்று" என்றது வகுப்பு. சொல்லிவிட்டு விழித்தது. நாற்று என்றால் வயலில் நடுவதல்லவா? நாறச்செய்தல் என்ற பொருளில் அந்த வினை இன்று வழக்கில் இல்லையே! அப்படியானால் ஒருவன் மற்றொன்றை நாறும்படி செய்வதைச் சொல்ல நமக்குச் சொல்லே இல்லையா? பின்வரிசையிலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கி வந்தது: "நாறடிக்கிறது, சார்."

அகரமுதலி ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைக்கு ஒரு வணக்கம் சொல்லலாம். புலவன் தராத பிறவினையைத் தெரு தந்திருக்கிறது. ஆனால் அதை நாம் எங்கே செலவிடுகிறோம்? "என் மானத்தை நாறடிச்சிட்டான்" என்று, மானம் போன கதைக்கே செலவிடுகிறோம். காற்றுக்கும் நீருக்கும் அதைப் பயன்படுத்துவதில்லை. அங்கே மட்டும் தன்வினை. மணலி நாறுகிறது. கழிமுகம் நாறுகிறது. கொடுங்கையூர் நாறுகிறது. ஊரே எழுவாய், ஊரே குற்றவாளி. செய்தவன் வாக்கியத்துக்குள்ளேயே இல்லை.

கரும்பலகையில் எழுதியதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன், "காற்றுதானே கொண்டுவருது, அப்போ காற்றுதான் எழுவாயா, சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. காற்று சுமந்து வருவது. சுமை ஏற்றியவன் வேறு. நாற்றத்தைச் சுமப்பவனுக்கே நாற்றத்தின் பெயரைச் சூட்டும் பழக்கம் நம் நாட்டில் காற்றோடு நின்றதா? ஊரின் கழிவை அள்ளுகிறவனைப் பார்த்து ஊர் மூக்கைப் பொத்தியது. கழிவு அவனுடையதா? ஊர் கழித்தது, அவன் அள்ளினான். கழித்தவன் அத்தர் பூசிக்கொண்டு தூயவன் ஆனான். அள்ளியவன் தீண்டத்தகாதவன் ஆனான். மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளும் கொடுமையை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம்; அது போதாதென்று 2013இல் இன்னொரு சட்டம். ஒரே கொடுமையை இருமுறை தடை செய்யும் நிலை ஏன் வந்தது? சட்டம் வேலையைத் தடுத்தது. மூக்கில் படிந்த சாதியைத் தடுக்கவில்லை.

தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். "நாறு என்ற சொல்லுக்குப் பழைய பெருமையை மீட்டுத் தருவோம். இனி நாம் மலர் நாறுகிறது என்றே எழுதுவோம்" என்றார். அவர் ஆர்வத்தை மதிக்கிறேன், வழியை ஏற்கவில்லை. ஆணையிட்டால் சொல் திரும்பி வராது. வழக்கு என்னும் ஆறு மலை ஏறாது. மேலும், மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு சொல் மனிதனுக்கு வேண்டும். நாற்றம் பகையன்று; பல வேளைகளில் அது காவலன்.

1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாசில், நியூ லண்டன் என்னும் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறியது. கட்டடத்துக்கு அடியில் எரிவாயு கசிந்து தேங்கியிருந்தது. அதற்கு மணமே இல்லை. ஆகவே எவரும் அறியவில்லை. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் வேண்டுமென்றே கெட்ட நாற்றத்தைக் கலக்கச் சட்டம் செய்தார்கள். இன்று நம் அடுக்களை எரிவாயு உருளையைத் திறந்ததும் வரும் அந்த வாடை எரிவாயுவினுடையது அன்று. எத்தில் மெர்காப்டன் என்னும் பொருளைச் சேர்த்து, அதை நாற வைத்திருக்கிறார்கள். நம் உயிரைக் காக்க! இதற்கு நேர்மாறானது ஐதரசன் சல்பைடு. குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டையாய் நாறும். அளவு மிகுந்தால் முகரும் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று மனிதன் நிம்மதி அடைகிற நேரமே அவன் சாகிற நேரம். பழகிப்போன மூக்கோடு வாழும் வடசென்னைக்காரனுக்கு இந்த வேதியியல் பாடம் அந்நியமாகத் தோன்றாது.

ஆகவே நாறு என்ற சொல்லை மலருக்குத் திருப்பித் தரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மனிதனை விட்டு அதை விலக்குங்கள் என்கிறேன். அதற்கு எழுவாயைத் தேடித் தாருங்கள் என்கிறேன். அரசு அறிக்கைகளின் தமிழையே எடுத்துக்கொள்வோம். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் 88 தொழிற்பகுதிகளை ஆராய்ந்தது. 43 பகுதிகள் மிகக் கடுமையாக மாசுபட்டவை என்று அறிவித்தது. மணலி அவற்றுள் ஒன்று. 'மாசுபட்ட பகுதி!' படு என்பது தன்மேல் வந்து விழுந்ததைத் தாங்குவதைச் சொல்லும் துணைவினை. துன்பப்படு, அவமானப்படு என்பது போல. மாசுபட்ட ஊருக்குப் பட்டியல் உண்டு. மாசுபடுத்தியவர்க்கு அந்தத் தலைப்பில் இடமில்லை. ஓர் எழுத்துக்கூட்டம், 'த்து', விடுபட்டிருக்கிறது. அவ்வளவுதான். அந்த 'த்து'வுக்குள் எத்தனை முதலாளிகள், எத்தனை அதிகாரிகள் ஒளிந்திருக்கிறார்கள்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன. மீனவர்கள் குவளைகளால் எண்ணெயை மொண்டு எடுத்தார்கள். அதே மாதம் 26ஆம் நாள், நள்ளிரவு நெருங்கும் வேளையில், எண்ணூர்ப் பெரியகுப்பத்தை ஒட்டிக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வெளியேறியது. உறங்கிக்கொண்டிருந்த மக்களை எழுப்பியது அவர்கள் மூக்கு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு நிகழ்ச்சிகளையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

அந்த நாட்களின் செய்தித்தாள்களை வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் கொடுத்து, வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடச் சொன்னேன். கசிந்தது, கலந்தது, பரவியது, ஏற்பட்டது. தன்வினையிலேயே தாள் நிரம்பியது. மீன்காரத் தாயின் மகன்தான் முதலில் முடித்தான். ஒவ்வொரு வினையின் பக்கத்திலும் பென்சிலால் பிறவினையை எழுதிக்கொண்டு வந்திருந்தான்: கசியவிட்டார்கள், கலந்தார்கள், பரப்பினார்கள், ஏற்படுத்தினார்கள். "யாருன்னு போடணுமா, சார்?" என்று கேட்டான். போடு என்றேன், செய்தித்தாளில் பெயரைத் தேடத் தொடங்கினான்.